கலப்பிரிவும் புற்றுநோய்ச் சிகிச்சையும்: மானிப்பாய் தொடக்கிவைத்த தமிழ் விளக்கம்

புற்றுநோய்க்கான மருந்து ஊசிமூலம் ஏற்றப்பட்டு இரண்டு அல்லது மூன்று வாரங்கள் கழிந்த நிலையில், நோயாளியின் தலையணையில் மயிர்க்கற்றைகள் தென்படத் தொடங்குகின்றன. அதற்கு முன்னரே வாந்தியும், வாய்ப்புண்ணும், உணவில் வெறுப்பும் வந்துவிடுகின்றன. வைத்தியசாலைக்குச் செல்லும்போது நடந்து சென்றவர், வீடு திரும்பும்போது தாங்கிப் பிடிக்கப்பட்டு வருகிறார். "நோய் கொல்ல முன்னர் மருந்தே கொன்றுவிடும் போலிருக்கிறது" என்று வீட்டார் முடிவுசெய்கின்றனர். அடுத்த திகதிக்கு நோயாளி செல்வதில்லை. நமது சமூகங்களில், தமிழர் முஸ்லிம்கள் என்ற வேறுபாடின்றி, இக்காட்சியை அறியாத குடும்பங்கள் குறைவு.

இம்முடிவை அறியாமை என்று எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் மயிர் ஏன் உதிர்கிறது, வயிறு ஏன் குமட்டுகிறது, மருந்தை ஏன் ஒரே தடவையில் கொடுக்காமல் தவணை தவணையாகக் கொடுக்கின்றனர் என்ற கேள்விகளுக்கு அந்த நோயாளிக்கு விளங்கும் மொழியில் எவராவது விடையளித்தனரா என்பதையும் நாம் கேட்க வேண்டும். இம்மூன்று கேள்விகளுக்கும் விடை ஒன்றே. அது உயிரின் மிகச் சிறிய அலகாகிய கலம் எவ்வாறு இரண்டாகப் பிரிகிறது என்பதிலேயே அடங்கியுள்ளது.

நவீன மருத்துவத்தைத் தமிழில் விளக்க வேண்டும் என்ற கோரிக்கை நமக்குப் புதியதன்று. அது முதன்முதலாகச் செயல்வடிவம் பெற்ற இடங்களுள் தலையாயது யாழ்ப்பாணத்து மானிப்பாய். அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் 1822ஆம் ஆண்டு பிறந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மானிப்பாயில் அவர் நிலைபெறச் செய்த மருத்துவப் பணி, இன்றும் அவரது பெயரைத் தாங்கிய வைத்தியசாலையாக அங்கே நிற்கிறது. தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்த அவர், 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். அவரிடம் பயின்று வெளியேறிய வைத்தியர்கள் 60க்கும் மேற்பட்டோர். "அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம்" என்ற நூல் 1857இலும், "இரண வைத்தியம்" 1867இலும், "மனுஷ அங்காதிபாதம்" 1872இலும், "கெமிஸ்தம்" 1875இலும், "மனுஷ சுகரணம்" 1883இலும் வெளிவந்தன. அவரும் அவரது மாணவர்களும் சேர்ந்து செய்த இப்பணியின் அளவை, அக்காலத்தில் மருத்துவக் கலைச்சொல் அகராதி எதுவும் தமிழில் ஆயத்தமாக இருக்கவில்லை என்பதை எண்ணிப் பார்ப்பவரே உணர முடியும். சொல்லையும் அவர்களே தேட வேண்டியிருந்தது. சில இடங்களில் வடமொழியை நாடினர், சில இடங்களில் "கெமிஸ்தம்" போன்று ஆங்கிலச் சொல்லுக்கே தமிழுருக் கொடுத்தனர். இன்றைய செவிக்கு அவற்றுட் சில கரடுமுரடாகத் தோன்றலாம். ஆயினும் வேலை நடந்தது.

மானிப்பாயில் இந்நூல்கள் உருவாகிய அதே ஆண்டுகளில்தான் ஐரோப்பாவில் கலப்பிரிவு பற்றிய அறிவும் உருவாகிக்கொண்டிருந்தது என்பது பலர் அறியாத செய்தியாகும். ஒவ்வொரு கலமும் முன்னிருந்த ஒரு கலத்திலிருந்தே தோன்றுகிறது என்ற கொள்கையை ஜேர்மனிய வைத்தியர் ருடோல்ப் விர்க்கோ 1855இல் வெளியிட்டார். (அவருக்கு முன்னரே றொபேர்ட் றேமாக் இதனைக் கண்டுகொண்டவர், புகழ் விர்க்கோவுக்குச் சென்றது.) கலம் பிரிகையில் அதன் கருவினுள் நூல் போன்ற இழைகள் தோன்றி, நீளவாக்கில் பிளந்து, இருபுறமும் பங்கிடப்படுவதை வால்தர் பிளெமிங் என்பவர் சாயமிட்ட கலங்களில் கண்டு 1882இல் நூலாக வெளியிட்டார். "மனுஷ சுகரணம்" தமிழில் வெளிவந்தது அதற்கு அடுத்த ஆண்டு. அதற்கும் அடுத்த ஆண்டாகிய 1884இல் கிறீன் தமது சொந்த ஊரில் காலமானார்.

பிளெமிங் கண்ட இழைகளைக் கொண்டே நமது பாடநூல்கள் இச்செயலை இழையுருப்பிரிவு என்கின்றன. சாயத்தை நன்கு பற்றிக்கொள்ளும் அவ்விழைகள் நிறமூர்த்தங்கள் எனப்படுகின்றன. தமிழ்நாட்டார் கலத்தைச் செல் என்றும், நிறமூர்த்தத்தைக் குரோமோசோம் என்றும் எழுதுவர். எச்சொல்லை ஆளினும் தவறில்லை. இழையுருப்பிரிவு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்திலேயே பிளெமிங் கண்ட காட்சி மனத்தில் விரிகிறது என்பதால், இக்கட்டுரையாளர் ஈழத்துச் சொற்களின் பக்கம் சாய்கிறார்.

உயர்தர வகுப்பில் உயிரியல் பயின்ற எவரும் வெங்காய வேர்நுனியை மறந்திருக்கமாட்டார்கள். நீரின்மேல் வைக்கப்பட்ட வெங்காயம் இரண்டு மூன்று நாட்களில் வெண்ணிற வேர்களை விடுகிறது. அவ்வேரின் நுனியை வெட்டிச் சாயமிட்டு, கண்ணாடித் தகட்டில் நசுக்கி நுணுக்குக்காட்டியில் நோக்கினால், நூற்றுக்கணக்கான கலங்களுள் ஒரு சில மட்டும் பிரிந்துகொண்டிருக்கக் காணலாம். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் விளையும் வெங்காயமாயினும், கடையில் விற்கும் பம்பாய் வெங்காயமாயினும், நிறமூர்த்தங்கள் 16தான். மனிதனில் 46. இவ்வெண்ணைக்கூட 1956 வரை உலகம் 48 என்றே தவறாக நம்பியிருந்தது.

அந்த வேர்நுனியில் பெரும்பாலான கலங்கள் ஏன் ஒன்றும் செய்யாதவை போலத் தோன்றுகின்றன? அவை உறங்கவில்லை. 1953இல் அல்மா ஹவார்ட், ஸ்ரீபன் பெல்க் ஆகிய இருவரும் அவரை இனச் செடியொன்றின் வேர்களை ஆராய்ந்து, கலத்தின் வாழ்வு நான்கு கட்டங்களைக் கொண்ட ஒரு வட்டம் எனக் காட்டினர். முதற் கட்டத்தில் கலம் வளர்கிறது. இரண்டாவது கட்டத்தில் தனது பரம்பரைச் செய்தி முழுவதையும், அதாவது டி.என்.ஏ. என்ற நெடும் இழையை, பிரதிசெய்கிறது. மூன்றாவது கட்டத்தில் பிரதியைச் சரிபார்த்துப் பிரிவுக்கு ஆயத்தமாகிறது. நான்காவதே நுணுக்குக்காட்டியில் நாம் காணும் பிரிவு. ஆய்வுகூடத்தில் வளர்க்கப்படும் மனிதக் கலமொன்றுக்கு இவ்வட்டம் முழுமைபெற ஏறத்தாழ 24 மணித்தியாலங்கள் செல்கின்றன. அவற்றுள் பிரிவுக்குரியது ஏறத்தாழ ஒரு மணித்தியாலமே.

இரண்டாவது கட்டத்தின் பணியை எண்ணிப் பார்த்தால் வியப்பு மேலிடும். ஒரு மனிதக் கலத்தினுள் உள்ள டி.என்.ஏ. இழைகளை முனையோடு முனை சேர்த்து நீட்டினால் ஏறத்தாழ இரண்டு மீற்றர் வரும். அதில் ஏறத்தாழ 600 கோடி எழுத்துக்கள். சில மணித்தியாலங்களுள் அத்தனையும் பிரதிசெய்யப்பட வேண்டும். பிழை திருத்தும் ஏற்பாடுகள் யாவும் செயற்பட்ட பின்னரும், ஏறத்தாழ நூறு கோடி எழுத்துக்கு ஒன்று என்ற அளவில் பிழை எஞ்சிவிடுகிறது. எந்த அச்சகத்திலும் இத்தகைய மெய்ப்புத் திருத்துநர் இல்லை. எனினும் பிழை பூச்சியமன்று என்பதை நினைவிற் கொள்க.

பிரிவு நிகழும் அந்த ஒரு மணித்தியாலத்தில், கலத்தின் இரு முனைகளிலிருந்தும் கதிர்நார்கள் எனப்படும் மெல்லிய நார்கள் நீண்டு, ஒவ்வொரு நிறமூர்த்தத்தையும் இருபுறமும் பற்றுகின்றன. நிறமூர்த்தங்கள் யாவும் நடுவே வரிசையில் நிற்கும். அனைத்தும் சரியாகப் பற்றப்பட்ட பின்னரே அவை பிளந்து இருபக்கமும் இழுக்கப்படும். ஒன்றேனும் பற்றப்படாது நின்றால் கலம் காத்திருக்கிறது. வட்டத்தின் வேறு இடங்களிலும் இவ்வாறான சோதனைச் சாவடிகள் உள்ளன. போர்க்கால வீதிகளில் பயணித்த நமக்கு அச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஆனால் கலத்தின் சாவடிகள் உயிரைக் காப்பதற்கென்றே அமைந்தவை. இக்கட்டுப்பாட்டின் பொறிமுறையை ஈஸ்ற் எனப்படும் மதுவங்களிலும் கடல் முள்ளெலிகளிலும் ஆராய்ந்து வெளிப்படுத்திய லீலண்ட் ஹார்ட்வெல், போல் நர்ஸ், ரிம் ஹண்ட் ஆகியோருக்கு 2001இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

கதிர்நார்களை இயங்காது செய்தால் என்ன நேரும்? இதற்கான விடை நமது வேலியோரத்தில் வளர்கிறது. மாரி காலத்தில் செந்நிறச் சுடராகப் பூக்கும் கார்த்திகைப்பூச் செடியின் கிழங்கிலும் விதையிலும் கொல்கிசின் என்ற நஞ்சு உண்டு. அது கதிர்நார்கள் உருவாவதைத் தடுத்துக் கலப்பிரிவை நடுவழியில் நிறுத்திவிடும். உண்ணத்தக்க கிழங்கென மயங்கி இதனை உண்டோருக்கு முதலில் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். சில நாட்களில் குருதியிலுள்ள வெண்கலங்கள் வீழ்ச்சியுறும். உயிர் பிழைத்தவருக்கு ஒன்று இரண்டு வாரங்களின் பின்னர் தலைமயிர் உதிரும். உடலில் இடைவிடாது பிரிந்துகொண்டிருப்பவை குடலின் உட்சுவர்க் கலங்கள், என்பு மச்சைக் கலங்கள், மயிர்வேர்க் கலங்கள் என்பனவேயாம். குடலின் உட்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை முற்றாகப் புதுப்பிக்கப்படுகிறது. என்பு மச்சையோ ஒவ்வொரு செக்கனும் ஏறத்தாழ 20 இலட்சம் செங்குருதிக் கலங்களை உருவாக்குகிறது. பிரிவைத் தடுக்கும் நஞ்சு, பிரியும் கலங்களையே தேடித் தாக்குகிறது. அரிதாகவே பிரியும் நரம்புக் கலங்களும் இதயத் தசைக் கலங்களும் அந்த முதற் தாக்குதலுக்கு இலக்காவதில்லை.

கட்டுரையின் தொடக்கத்தில் கூறிய நோயாளியிடம் நாம் கண்டதும் இதே அடையாளங்களைத்தான். இது தற்செயலன்று. முற்றங்களிலும் மயானங்களிலும் பூக்கும் பட்டிப்பூவை, அதாவது நித்தியகல்யாணியை, எடுத்துக்கொள்வோம். நீரிழிவுக்கு உதவுமா என்று பார்ப்பதற்காக ஜமேய்க்காவிலிருந்து கனடாவுக்கு அனுப்பப்பட்ட அதன் இலைகள், சர்க்கரையைக் குறைக்காமல் வெண்குருதிக் கலங்களைக் குறைத்தன. றொபேர்ட் நோபிள், சார்ள்ஸ் பியர் ஆகியோர் அதிலிருந்து வின்பிளாஸ்ரின் என்ற பொருளைப் பிரித்தெடுத்து 1958இல் அறிவித்தனர். அதன் உடன்பிறப்பாகிய வின்கிறிஸ்ரின், 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, இன்றும் சிறுவர்களின் குருதிப் புற்றுநோய்க்கு வழங்கப்படும் மருந்துகளுள் ஒன்றாக உள்ளது. இவையும் கதிர்நார்களின் மூலப்பொருளைப் பற்றிக்கொண்டு கலப்பிரிவை நிறுத்துபவையே. வேறு மருந்துகள் டி.என்.ஏ. பிரதியாவதைத் தடுக்கின்றன. இதனை வாசித்துவிட்டு எவரும் பட்டிப்பூ இலையை அவித்துக் குடிக்க முற்படக்கூடாது. நுண்ணிய அளவில் அளந்து நாளத்தில் செலுத்தும் மருந்துக்கும், அளவறியாத கசாயத்துக்கும் உள்ள இடைவெளி உயிருக்கும் சாவுக்கும் உள்ள இடைவெளியாகும்.

புற்றுநோய் என்பது சோதனைச் சாவடிகள் தகர்ந்த கலத்தின் பெருக்கமாகும். பிரதிப் பிழைகள் பல ஆண்டுகளில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, பிரிவை நிறுத்தும் கட்டுப்பாடுகளைச் செயலிழக்கச் செய்கின்றன. டி.என்.ஏ. பழுதுபட்டால் பிரிவை நிறுத்திவைக்கும் பி53 என்ற காவற் புரதத்தின் பரம்பரை அலகு, மனிதப் புற்றுநோய்களுள் ஏறத்தாழப் பாதியில் பழுதுற்றிருக்கிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் வைரசோ, அதே காவற் புரதத்தைத் தானே அழித்துவிடுகிறது. இலங்கையில் 2017 முதல் ஆறாந்தர மாணவிகளுக்குப் பாடசாலைகளில் ஏற்றப்படும் தடுப்பூசி இவ்வைரசுக்கு எதிரானதே. சம்மதப் பத்திரத்தில் ஒப்பமிடத் தயங்கும் பெற்றோர் இதனை அறிந்திருப்பது நன்று. புற்றுநோயை முன்வினைப் பயன் என்று ஒருசாராரும், நஸீபு என்று மறுசாராரும் கூறி மறைத்து வைக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் உண்டு. நோயாளியின் ஒழுக்கத்துக்கோ பக்திக்கோ இதில் தொடர்பில்லை. ஒரே பாத்திரத்தில் உண்பதால் இது தொற்றுவதுமில்லை.

ஆனால் பிழையின் வேகத்தைக் கூட்டுபவை உள. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். திருமண வீட்டில் வெற்றிலைத் தட்டமும், கிழக்கின் முஸ்லிம் இல்லங்களில் வெற்றிலை வட்டாவும் மரியாதையின் சின்னங்கள். யாழ்ப்பாணத்துப் புகையிலைக்கோ தனிப் பெருமையே இருந்தது. பாக்கு, புகையிலை சேர்க்காவிடினும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2003இல் முடிவுசெய்தது. சுண்ணாம்பும் பாக்கும் கன்னத்தின் உட்புறத்தை நாள்தோறும் புண்படுத்துகின்றன. புண்ணை ஆற்றக் கலங்கள் மேலும் மேலும் பிரிகின்றன. அவ்வேளையில் அங்கேயே இருக்கும் நச்சுப் பொருட்கள் டி.என்.ஏ.யைத் தாக்குகின்றன. பிரிவும் பழுதும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. வாயில் வெண்திட்டு அல்லது செந்திட்டு, வாயை முன்போலத் திறக்க முடியாமை, இரண்டு வாரத்தில் ஆறாத புண் ஆகியவற்றுள் எது காணப்படினும் பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். வலி வரட்டும் என்று காத்திருப்பதே பெருந்தவறு; தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இராது.

ஏன் அவசரம் என்பதைச் சிறு கணக்கொன்று காட்டும். ஒரு கலம் இரண்டாக, இரண்டு நான்காக, நான்கு எட்டாக இரட்டித்துச் சென்றால், 30 இரட்டிப்புகளில் ஏறத்தாழ 100 கோடி கலங்கள் ஆகின்றன. அதன் அளவு ஒரு சென்ரிமீற்றர் கட்டி. நிறை ஏறத்தாழ ஒரு கிராம். கையால் தடவி உணரக்கூடிய நிலை அதுவே. இன்னும் பத்தே இரட்டிப்புகளில் அது ஒரு கிலோகிராம் ஆகும். உண்மையில் கட்டிகள் இக்கணக்கின்படி அப்படியே வளர்வதில்லை. கலங்கள் பல இடையில் இறக்கின்றன. எனினும் கட்டி கையில் தட்டுப்படும்போது அதன் பயணத்தின் முக்காற்பங்கு முடிந்துவிட்டது என்பது உண்மை.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் சிகிச்சை விளங்கும். 100 கோடி கலங்களுள் 99.9 வீதத்தை மருந்து அழித்துவிட்டது என்று கொள்வோம். கட்டி மறைந்துவிடும், படப்பிடிப்பிலும் தென்படாது போகலாம். ஆயினும் பத்து இலட்சம் கலங்கள் எஞ்சியிருக்கும். "கட்டி கரைந்துவிட்டது, இனி எதற்கு ஊசி" என்று நிறுத்துபவர் அந்தப் பத்து இலட்சத்தை மீண்டும் வளரவிடுகிறார். ஒவ்வொரு தவணையும் எஞ்சியவற்றுள் ஒரு பங்கை அழிக்கிறது. மருந்து ஏற்றிய வேளையில் பிரியாமல் ஒதுங்கியிருந்த கலங்கள், அடுத்த தவணையில் பிரியும்போது அகப்படுகின்றன. தவணைகளுக்கு இடைப்பட்ட, பெரும்பாலும் மூன்று வாரமாகிய காலம், குடலும் என்பு மச்சையும் தம்மைச் சீர்செய்துகொள்வதற்கென விடப்படுவது. உதிர்ந்த மயிர், சிகிச்சை முடிந்த சில மாதங்களில் பெரும்பாலோருக்கு மீண்டும் முளைக்கிறது. எல்லாப் புற்றுநோய் மருந்துகளும் மயிரை உதிர்ப்பதில்லை என்பதையும், மயிர் உதிராவிடின் மருந்து வேலை செய்யவில்லை என்று பொருளன்று என்பதையும் சேர்த்துக் கூற வேண்டும்.

ஒருகாலத்தில் வடக்கின் நோயாளிகள் பலர் இச்சிகிச்சைக்காக மஹரகமவுக்குச் செல்ல வேண்டியிருந்தது. மூடிய பாதைகளும் மொழி தெரியாத விடுதிகளும் நோயைவிடக் கொடியனவாக இருந்தன. 2011 யூலையில் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை இன பேதமின்றிப் பலர் நடந்து திரட்டிய நிதி, தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையாக 2013இல் திறக்கப்பட்டது. தூரம் குறைந்துவிட்டது. விடுதியில் தமிழ் பேசப்படுகிறது. ஆனால் தமிழில் பேசுவதும் தமிழில் விளக்குவதும் ஒன்றல்ல. திகதியும் மருந்தின் பெயரும் எழுதிய அட்டை நோயாளியின் கையில் இருக்கிறது; மேலே கூறிய கணக்கு அவரது கையில் இல்லை. அதை ஒரு பக்கத் தாளில் எளிய தமிழில் அச்சிட்டு, முதல் ஊசிக்கு முன்னர் நோயாளிக்கும் அவரைப் பராமரிப்பவருக்கும் வாசித்துக் காட்டுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. கலைச்சொல் கிடைக்காது என்று இன்று எவரும் சாக்குக் கூற முடியாது. அந்தத் தடையை மானிப்பாயில் 1864ஆம் ஆண்டிலேயே தாண்டிவிட்டனர்.

அத்தாளில் இடம்பெற வேண்டிய ஒரு செய்தியை இங்கேயே குறிப்பிடுவது பொருத்தம். மருந்து ஏற்றி ஏறத்தாழ ஒரு வாரம் தொடக்கம் இரண்டு வாரம் வரையுள்ள நாட்களில் என்பு மச்சையின் உற்பத்தி தளர்ந்து, வெண்கலங்கள் மிகக் குறைந்திருக்கும். அந்நாட்களில் வரும் காய்ச்சல் சாதாரணக் காய்ச்சலன்று. பரசிற்றமோல் கொடுத்து விடியும்வரை பார்த்திருக்காமல், இரவாயினும் நோயாளியை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று, எத்திகதியில் மருந்து ஏற்றப்பட்டது என்பதை வாயிலிலேயே கூற வேண்டும்.